போக்லிப்ட், செயின் புளொக் ஆகியவற்றின் காலைச் சோதனைப் பதிவை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

ஆலைமேற்பார்வை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் நீர் பாயும் பகுதியில் உள்ள ஓர் அரிசி ஆலையில் நான் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். எங்களிடம் 2.5 தொன் டீசல் போக்லிப்ட் ஒன்றும், திருத்தும் கொட்டகையில் கைச் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் 2 தொன் செயின் புளொக் ஒன்றும், மோட்டர்களையும் உருளைகளையும் சுற்றிக் கொளுக்கியில் மாட்டித் தூக்குவதற்கான நான்கைந்து பெல்ட் சிலிங்குகளும் (பட்டிகளும்) இருக்கின்றன. வேலை தொடங்குமுன் இவற்றைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்பதற்காக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீ.ஆர். கொப்பியில் கட்டம் கீறி, பதினான்கு விடயங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அடையாளம் இடும்படி ஏற்பாடு செய்தேன். மாலையில் நானும் அடியில் கையொப்பம் இட்டு வந்தேன்.

காலபோக நெல் வந்து குவிந்துகொண்டிருந்த மாசி மாதத்தில் ஒரு நாள், தவிடு நீக்கும் இயந்திரத்தின் மோட்டரைச் செயின் புளொக்கில் தூக்கியபோது சிலிங் கொளுக்கியிலிருந்து நழுவி, மோட்டர் தரையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற இளைஞரின் பாதத்துக்கும் அது விழுந்த இடத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. கொளுக்கியின் வாயை மூடும் தகடு உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உடைந்த விளிம்பில் துருப் பிடித்திருந்தபடியால் அது அன்று உடைந்ததல்ல என்பது பார்த்தவுடனே விளங்கியது. அன்று காலைப் பக்கத்தைத் திறந்தேன். கொளுக்கி: சரி. சங்கிலி: சரி. அனைத்தும் சரி.

அதன் பிறகு பின்பக்கங்களைப் புரட்டினேன். தை மாதத்தில் எங்கள் போக்லிப்ட் திருத்தத்துக்காக நான்கு நாட்கள் வவுனியாவில் நின்றது. அந்த நான்கு நாட்களுக்கும் ரயர், பிறேக், ஹோண், எண்ணெய் எல்லாம் சரி என்று குறிக்கப்பட்டிருந்ததோடு, அடியில் என்னுடைய கையொப்பமும் இருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

யாரையும் தண்டிக்கும் எண்ணத்தில் நான் இதை எழுதவில்லை. இந்தப் பதிவை உண்மையான பதிவாக மாற்றுவதற்கு எதை எழுதச் சொல்ல வேண்டும், யார் எழுத வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பாலைநிழல் எழுதியது:

தம்பி, வவுனியாவில் பாரவூர்திகளும் உழவு இயந்திரங்களும் திருத்தும் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கொப்பியில் உள்ள குறை, உங்கள் ஆட்களின் குறையைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். “கொளுக்கி: சரி” என்று குறிப்பதற்குக் கொளுக்கிக்கு அருகே போக வேண்டியதில்லை, கொப்பி இருக்கும் மேசையிலிருந்தே குறித்துவிடலாம். இயந்திரத்துக்கு அருகே போனால் மட்டுமே எழுதக்கூடிய விடை எதுவோ, அதைத்தான் கேட்க வேண்டும். போக்லிப்ட் ஓடிய மொத்த மணித்தியாலங்களைக் காட்டும் மணிமானியில் இன்று உள்ள எண் என்ன? இரவு நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு இருந்ததா, இருந்தால் எந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்? எந்த சிலிங்கை இன்று எடுத்தீர்கள், அதன் இலக்கம் என்ன? மணிமானியின் எண்ணை முதல் வரியாக வைத்திருந்தால், வவுனியாவில் நின்ற நான்கு நாட்களையும் ஒருவராலும் நிரப்பியிருக்க முடியாது.

அடுத்தது, இயந்திரத்துக்கு ஒரு கொப்பி என்று பிரியுங்கள். ஒரே பக்கத்தில் போக்லிப்டும் செயின் புளொக்கும் சிலிங்கும் சேர்ந்திருந்தால், போக்லிப்ட் ஓட்டுபவர் தாம் தொடாத செயின் புளொக்குக்கும் சரி போட்டுவிடுவார். போக்லிப்டின் கொப்பி இருக்கைக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் உறையில் இருக்கட்டும். செயின் புளொக்கின் கொப்பி அது தொங்கும் தூணிலேயே தொங்கட்டும். அலுவலக அறையில் கொப்பி இருக்கும்வரை அது அலுவலகத்துக்காக எழுதப்படும் கொப்பியாகவே இருக்கும்.

தினமும் பார்ப்பது வேறு, காலத்துக்குக் காலம் அளப்பது வேறு என்பதையும் கொப்பியில் பிரித்துக் காட்ட வேண்டும். போக்லிப்டின் முன்கரங்கள் முழங்கைபோல் மடியும் இடத்தில், அதாவது குதியில், நிலத்தோடு உரசி உரசித் தேய்கின்றன. இந்தத் தேய்வைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புதிதில் 40 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்த கரம் 36 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால், அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. பத்தில் ஒன்றுதானே என்று எண்ணக்கூடாது. கரத்தின் வலிமை தடிப்பின் வர்க்கத்தோடு மாறுவதனால், 10 வீதத் தேய்வு வலிமையில் ஏறக்குறைய 20 வீதத்தை எடுத்துச் சென்றுவிடுகிறது. அப்படியே, கம்பத்தில் கரங்களைத் தூக்கும் சங்கிலி 3 வீதம் நீண்டுவிட்டால் மாற்ற வேண்டும்; புதிதில் 300 மில்லிமீற்றர் இருந்த கண்ணித் தொடர் 309 மில்லிமீற்றராக அளக்கப்பட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. இவற்றைத் தினமும் அளக்கத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, அளவுக் கருவியான கலிப்பரைக் கொண்டுபோய் அளந்து, எண்ணைக் கொப்பியின் பின்பக்கத்தில் முந்திய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் எண்கள் எப்போது மாற்ற வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

கொளுக்கியும் அவ்வாறே. வாங்கிய அன்றே அதன் வாயின் அகலத்தை அளந்து முதற்பக்கத்தில் எழுதிவைத்தால் மட்டுமே, பின்னர் அது விரிந்ததா இல்லையா என்று ஒருவரால் கூற முடியும். கூரையோடு ஓடும் கிறேன்களின் கொளுக்கிகளுக்கு, வாய் 15 வீதத்துக்கு மேல் விரிந்தாலோ 10 பாகைக்கு மேல் முறுகினாலோ கழித்துவிட வேண்டும் என்று அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு நிறுவனமான ஓஷாவின் விதி கூறுகிறது. தயாரிப்பாளர் அதைவிடக் கடுமையான எல்லையைத் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். செயின் புளொக்கின் பிறேக்கைப் பார்ப்பதற்கு, அன்றைய முதற் சுமையை நிலத்திலிருந்து நான்கு விரற்கடை உயர்த்திச் சற்று நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். இறங்குகிறதா, நிற்கிறதா என்பதையே எழுதச் சொல்லுங்கள்.

பெல்ட் சிலிங்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊதா நிறம் 1 தொன், பச்சை 2 தொன், மஞ்சள் 3 தொன் என்ற வழக்கம் இருந்தாலும், தாங்கும் சுமையைக் காட்டத் தைத்திருக்கும் சீட்டு போய்விட்ட சிலிங்கை நிறத்தை நம்பி எடுக்கக்கூடாது. இரண்டு கால்களாகப் பிரித்துத் தூக்கும்போது, கிடையோடு 30 பாகை அளவுக்குக் கால்கள் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும் என்பதையும் உங்கள் இளைஞர்களுக்கு ஒரு நாள் கயிறு கட்டிக் காட்டுங்கள்.

மாங்குளத்துச்சாரதி எழுதியது:

ஐயா எழுதியவற்றை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்பிய ஆளின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அப்படி நிரப்பியவன்.

அறுவடைக் காலத்தில் விடிய ஐந்து மணிக்கே நெல் லொறிகள் படலைக்கு வெளியே வரிசையில் நிற்கும். நான் போக்லிப்டின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், ஏன் இன்னும் இயந்திரம் எடுக்கவில்லை என்று மூன்று பேர் கேட்பார்கள். ஒரு தடவை ஹைட்ரோலிக் குழாய் வெடித்திருப்பதைக் கண்டு எழுதினேன். அன்று பகல் முழுவதும் மூடைகளைத் தோளில் சுமக்க வேண்டி வந்தபோது, இயந்திரத்தை நிறுத்தியது நான்தான் என்றே எல்லோரும் பேசினார்கள்; குழாய் வெடித்திருந்தது என்று ஒருவரும் பேசவில்லை. அதன் பிறகு நான் எழுதவில்லை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதற்காக வாகனத்தை நிறுத்தும் சாரதி, திரும்பி ஏறுமுன் நான்கு ரயர்களையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டே ஏறுகிறார். அங்கே நிற்பது எல்லோருக்கும் வழமை என்பதனால் அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. அதுபோல, வேலைக்குள் பத்து நிமிடத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கி, அது முடியும்வரை முதல் லொறியை உள்ளே விடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை முதலாளியின் வாயாலேயே சொல்ல வையுங்கள். பழுது எழுதியவரைப் பற்றி எவரும் குறை பேசக்கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும்.

கனகராயன் எழுதியது:

புதுக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, இப்போது பிரித்தானியாவில் ஒரு களஞ்சியத்தில் போக்லிப்ட் பயிற்றுநராக இருக்கிறேன். இங்குள்ள சட்டம் காலைச் சோதனைக்கும் ஒரு படிவத்தை விதிக்கிறது என்ற தவறான எண்ணம் நம்மவர்களிடையே இருப்பதனால் அதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். 1998 ஆம் ஆண்டின் தூக்கு இயந்திர விதிகள், தகுதியுள்ள ஒருவர் செய்யும் முழுமையான ஆய்வை, ஆட்களைத் தூக்கும் இயந்திரங்களுக்கும் சிலிங் போன்ற துணைக்கருவிகளுக்கும் 6 மாதத்துக்கு ஒரு தடவையும், ஏனைய தூக்கு இயந்திரங்களுக்கு 12 மாதத்துக்கு ஒரு தடவையும் கோருகின்றன. அதற்கு எழுத்து மூலமான அறிக்கை கட்டாயம். துணைக்கருவிகளின் ஆய்வு அறிக்கையை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சாரதி காலையில் செய்யும் சோதனைக்கு இந்த விதிகள் இன்ன படிவம் என்று எதையும் விதிக்கவில்லை. அமெரிக்காவிலும் போக்லிப்டைத் தினமும், இரவு பகலாக ஓடுவதானால் ஒவ்வொரு வேலைமுறை (ஷிப்ட்) முடிந்த பின்னும், சோதிக்க வேண்டும் என்று விதி கூறினாலும், அதை எழுதிவைக்கும்படி அந்த விதி கேட்பதில்லை.

அப்படியானால் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி வரும். நேற்றுப் பார்த்தவரிடமிருந்து இன்று ஓட்டுபவருக்குச் செய்தி செல்வதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு வழியில்லை என்பதே என்னுடைய விடை. நேற்று மாலை பிறேக் சற்று ஆழமாக இறங்கியது என்பது நேற்றைய சாரதிக்கு மட்டுமே தெரியும். அவர் இன்று விடுமுறையில் இருந்தால் அந்த அறிவும் அவரோடு விடுமுறையில் போய்விடும். ஆகவே என் மாணவர்களிடம், தாளை நிரப்புவதற்கு முன் முந்திய மூன்று நாட்களின் தாள்களை வாசிக்கச் சொல்கிறேன்.

இங்கே பல இடங்களில் கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறார்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் குறியீட்டைப் படமெடுத்தால்தான் படிவம் திறக்கும், நேரமும் தானாகவே பதியும் என்பதால் அதில் நன்மை உண்டு. ஆனால் பதினான்கு கேள்விகளையும் பதினெட்டு விநாடியில் அழுத்தி முடித்த பதிவுகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆலைமேற்பார்வை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாங்குளத்துச் சகோதரர் எழுதியதை முதலாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். பத்து நிமிடத்துக்கு அவர் உடன்பட்டுவிட்டார். எங்கள் கொட்டகையின் தகரக் கூரைக்குள் தொலைபேசி அலை சரியாகக் கிடைப்பதில்லை என்பதனால் கொப்பியையே தொடர எண்ணுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. பொய்யாக நிரப்பப்பட்ட அந்தப் பழைய பக்கங்களை என்ன செய்வது? கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒருவர் ஆலோசனை கூறினார். மற்றது, பழுது எழுதப்பட்ட பிறகு இயந்திரத்தை மீண்டும் எடுக்கலாம் என்று கூறும் உரிமை யாருக்கு?

தையற்கூடப்பாதுகாப்பு எழுதியது:

தயவுசெய்து ஒரு தாளையும் கிழிக்க வேண்டாம். வன்னியில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பொறுப்பைக் கவனிக்கும் பெண் நான். இதை அனுபவத்தோடு சொல்கிறேன். கட்டிய கொப்பியில் ஒரு தாள் குறைந்தால் எஞ்சிய அத்தனை தாள்களின் மீதும் சந்தேகம் விழும். தவறான பக்கத்தின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்கும்படி விட்டு, “இந்த நான்கு நாட்களும் இயந்திரம் ஆலையில் இருக்கவில்லை, இப்பதிவு செல்லாது” என்று எழுதி, இன்றைய திகதியையும் உங்கள் கையொப்பத்தையும் இடுங்கள். நீங்களே கண்டுபிடித்து நீங்களே திருத்தினீர்கள் என்பதற்கு அந்த எழுத்தே சாட்சியாகும். வெள்ளை மை பூசுவதும் கிழிப்பதைப் போன்றதுதான்.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தூக்கும் சங்கிலி, கயிறு, கிறேன் ஆகியவற்றைப் பற்றித் தனியாகவே பேசுகிறது; தாங்கக்கூடிய பாதுகாப்பான சுமை எவ்வளவு என்பது தெரியும்படி இருக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது, குறித்த கால இடைவெளிகளில் முழுமையான ஆய்வு நடக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். அந்த ஆய்வுச் சான்றிதழ்களும் உங்கள் காலைக் கொப்பியும் வெவ்வேறானவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஈடுசெய்ய முடியாது. ஒருவர் காயப்பட்டு, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் விடயம் விசாரணைக்குப் போனால், இரண்டையும் கேட்பார்கள் என்று எண்ணியே வைத்திருங்கள். காலைக் கொப்பிகளை நாங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கிறோம். விபத்தோ, மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நடந்த மாதத்தின் கொப்பியை மட்டும் தனியே எடுத்து அலுமாரியில் பூட்டிவிடுகிறோம். உங்கள் மாசி மாதக் கொப்பியும் அவ்வாறே பூட்டப்பட வேண்டியது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நிறுத்தும் உரிமை எல்லோருக்கும், மீண்டும் எடுக்கும் உரிமை ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் பழுது கண்டவர் திறப்பைக் கழற்றி, சிவப்பு அட்டையைச் சுக்கானில் கட்டிவிட்டு, கொப்பியில் எழுதுவார்; அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அட்டையை அவிழ்ப்பவர் பராமரிப்புப் பொறுப்பாளர் மட்டுமே. எதைக் கழற்றினார், எதை மாற்றினார், எத்தனை மணிக்கு ஓட்டிப் பார்த்தார் என்பதை அவர் அதே பக்கத்தில், பழுது எழுதப்பட்ட வரிக்கு நேரே எழுதிக் கையொப்பம் இட்ட பின்னரே திறப்பு திரும்பும். பழுது ஒரு கொப்பியிலும் திருத்தம் வேறொரு கோப்பிலும் இருந்தால் இரண்டையும் இணைத்துப் பார்க்க எவரும் முன்வருவதில்லை. நாங்கள் காபன் தாள் வைத்து எழுதி, பிரதியைத் திருத்துபவரிடம் கொடுக்கிறோம்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு சிக்கலையும் சொல்கிறேன், உங்களுக்கும் அது வரக்கூடும். அநுராதபுரத்திலிருந்து வரும் திருத்துநருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எங்கள் சாரதிக்குச் சிங்களம் எழுதத் தெரியாது. “பின்பக்கம் எண்ணெய் கசிகிறது” என்று எழுதியிருந்ததை யாரோ வாயால் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் வேறொரு குழாயை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு போக்லிப்டின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் வரைந்து, உறுப்புகளுக்கு இலக்கமிட்டு, கொப்பியின் அட்டையில் ஒட்டினோம். இப்போது சாரதி “7 இல் கசிவு” என்று எழுதி, தாளில் அந்த இடத்தை வட்டமிடுகிறார்.

மாலைக் கையொப்பத்தையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள், முன்னறிவித்தல் இல்லாமல், அன்றைய பக்கத்தோடு இயந்திரத்துக்கு அருகே சென்று, எழுதியவரோடு சேர்ந்து மூன்று விடயங்களை மட்டும் மீண்டும் பாருங்கள். பார்த்ததை வேறு நிற மையில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் முழுவதும் ஒரு பழுதுகூட எழுதப்படாத கொப்பியை நான் நல்ல கொப்பியாக எடுத்துக்கொள்வதில்லை. தவிட்டுத் தூசியில் தினமும் ஓடும் இயந்திரத்தில் ரேடியேற்றர் வலையாவது அடைத்திருக்க வேண்டும்.

பாலைநிழல் எழுதியது:

மகள் எழுதியதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிவப்பு அட்டை கட்டிய செயின் புளொக்கையும் சிலிங்கையும் தொங்கிய இடத்திலேயே விடாதீர்கள். அவற்றுக்குத் திறப்பு இல்லை. கழற்றிப் பூட்டுள்ள பெட்டியில் போட வேண்டும். கழித்த சிலிங்கை இரண்டாக வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் எறிந்தால் அடுத்த போகத்தில் யாராவது உழவு இயந்திரம் இழுக்க எடுத்துச் சென்றுவிடுவார்கள்.

ஆலைமேற்பார்வை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பழைய பக்கங்களுக்குக் கோடு இழுத்துக் கையொப்பம் இட்டேன். அதைச் செய்யும்போது அவற்றை நிரப்பிய சாரதியையும் பக்கத்தில் இருத்தினேன். அவருக்கு முன்னாலேயே என்னுடைய கையொப்பமும் பொய் என்பதை எழுதியபடியால், அவரோடு பேசுவது கடினமாக இருக்கவில்லை. செயின் புளொக்கின் கொளுக்கி முழுமையாக மாற்றப்பட்டது. புதிய கொளுக்கியின் வாய் அகலம் கொப்பியின் முதற்பக்கத்தில் இருக்கிறது. சீட்டு இல்லாத இரண்டு சிலிங்குகளை வெட்டினோம்.

இந்த மூன்று வாரத்தில் ஐந்து பழுதுகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுக்காக அரை நாள் இயந்திரம் நின்றது; முதலாளி அன்று படலைக்குச் சென்று லொறிக்காரர்களிடம் தாமே காரணம் கூறினார். நேற்று, மாத அளவீட்டுக்காகச் சாரதி தாமே கலிப்பரைக் கேட்டு வாங்கிச் சென்று, கரங்களின் குதியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து எழுதினார். வலக் கரம் 38 மில்லிமீற்றர். இடக் கரம் 37. புதிதில் 40 என்று தயாரிப்பாளரின் கைந்நூலில் உள்ளது. கரங்களைச் சோடியாகவே மாற்ற வேண்டும் என்பதனால் இரண்டுக்கும் கொழும்பிலிருந்து விலை கேட்டிருக்கிறேன். அது வரும்வரை மாதத்துக்கு ஒரு தடவை என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாக மாற்றியுள்ளோம். அடுத்த அளவீடு வரும் திங்கட்கிழமை காலை.